குழாயில்தானே அடைப்பு, இசிஜியில் அது எப்படித் தெரிகிறது?

ஈசூன்_ஏர்கான் · செவ்வாய் இரவு 10:42

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 62 வயது. பதினைந்து வருடமாகச் சர்க்கரை, பிரஷருக்கும் மாத்திரை. முன்பு கப்பல் பட்டறையில் வெல்டர், இப்போது ஒரு கொண்டோவில் செக்யூரிட்டி. இரண்டு வாரத்துக்கு முன்னால் இங்கே சிங்கப்பூரில் தேக்கா சந்தையில் மீனும் காயும் வாங்கிக்கொண்டு வந்தவர், வீட்டுப் பக்கத்து மேம்பாலப் படியில் பாதியிலேயே நின்றுவிட்டார். வலி என்று சொல்லவில்லை, "நெஞ்சுல அரிசி மூட்டைய வச்ச மாதிரி இருந்துச்சு" என்றாராம். இரண்டு நிமிடம் நின்றதும் போய்விட்டது. வீட்டுக்கு வந்து அது வாயு என்று தானே தீர்ப்புச் சொல்லி, கோடாலித் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு படுத்துவிட்டார். அம்மா சொல்லி எனக்குத் தெரிந்ததே மூன்று நாள் கழித்துத்தான்.

பாலிகிளினிக்குக் (அரசு மருந்தகம்) கூட்டிப்போனேன். இசிஜி எடுத்தார்கள். டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, எஸ்டி கோடு லேசாக இறங்கியிருக்கிறது, டி அலை மூன்று நான்கு இடத்தில் தலைகீழாக இருக்கிறது, பழைய இசிஜி ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றோம். இதய நிபுணரைப் பார்க்கக் கடிதம், ஆஸ்பிரின், நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை எல்லாம் கொடுத்தார். டிரெட்மில்லில் நடக்க வைத்துப் பார்ப்பார்கள் என்றும் சொன்னார். வெளியே நிறையக் கூட்டம், இதற்கு மேல் கேட்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது. இங்கே இப்படி என்றால், ஊரிலிருக்கும் மாமா வாட்ஸ்அப்பில் படத்தைப் பார்த்த பத்தாவது நிமிடம் "பிளாக் கன்ஃபார்ம்" என்று குரல் பதிவே அனுப்பிவிட்டார். அம்மா அன்றைக்குத் தூங்கவில்லை.

என் சந்தேகம் இதுதான். அடைப்பு ரத்தக்குழாயில். இசிஜி பார்ப்பது மின்சாரத்தை. நான் ஏர்கான் வேலை செய்கிறவன். எங்கள் வேலையில் குழாயில் கேஸ் குறைந்தால் கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர் இறங்கும், கம்ப்ரசரின் பளு குறைவதால் அப்படி. மீட்டரைப் பார்த்தே குழாயில் கோளாறு என்று ஓரளவு சொல்லிவிடலாம். இதயத்திலும் அதே கதைதானா? அந்த "எஸ்டி", "டி" எல்லாம் என்ன, ஏன் ஒருவருக்கு ஏறுகிறது, இன்னொருவருக்கு இறங்குகிறது? டாக்டர் பார்க்கப்போகிறார், அது சரி. எனக்குப் புரிய வேண்டும், அவ்வளவுதான்.


நைட்_ஷிஃப்ட்_அக்கா · செவ்வாய் இரவு 11:15

தம்பி, உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல என்னைவிட நல்ல ஆட்கள் இங்கே உண்டு. நான் இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவில் தாதி, முதலில் என் வேலையைச் செய்துவிடுகிறேன்.

அதே கனம் இனிமேல் சும்மா உட்கார்ந்திருக்கும்போது வந்தாலோ, முன்னைவிடக் குறைந்த வேலைக்கே வந்தாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, இடது கைக்கோ தாடைக்கோ பரவினாலோ தைலம் வேண்டாம், ஆம்புலன்ஸுக்கு 995. நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை உட்கார்ந்துகொண்டுதான் வைக்க வேண்டும், நின்றுகொண்டு வைத்தால் தலை சுற்றி விழுவார். ஒன்று வைத்து ஐந்து நிமிடத்தில் குறையவில்லை என்றால் ஆம்புலன்ஸ். உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொன்னபடி. நீங்களே வேனில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள், கிராப் டாக்சி புக் பண்ணவும் வேண்டாம். ஆம்புலன்ஸில் இசிஜியும் உண்டு, இதயம் தாறுமாறாக அடித்தால் ஷாக் கொடுக்கிற கருவியும் உண்டு.

இன்னொன்று. ஆண்மைக் குறைவுக்கு எடுக்கிற மாத்திரைகளோடு அந்த நாக்கு மாத்திரை சேரவே கூடாது, ரத்த அழுத்தம் படுத்துவிடும். அப்பாவிடம் கேட்க மகனுக்குக் கூச்சமாகத்தான் இருக்கும். கேளுங்கள்.

சர்க்கரைக்காரர்களுக்கு வலி சரியாகத் தெரியாது என்பதையும் மறக்காதீர்கள். அரிசி மூட்டை என்றாவது அவருக்குத் தோன்றியதே, அதுவே நல்லது.


ஓய்வுபெற்ற_வாத்தி · புதன் காலை 6:50

ஏர்கான் உதாரணம் பிடித்திருந்தது. பல வருடம் உடலியல் பாடம் எடுத்தவன், டாக்டர் கிடையாது, அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் உதாரணம் பாதி பொருந்தும். ஏர்கானில் கரண்ட் வெளியே சுவரிலிருந்து வருகிறது, குழாய் வேறு, ஒயர் வேறு. இதயத்தில் மோட்டாரும் ஒயரும் பேட்டரியும் ஒன்றே. ஒவ்வொரு தசைச் செல்லும் தனக்கான மின்னழுத்தத்தைத் தானே உண்டாக்கித் தானே காப்பாற்றிக்கொள்கிறது, அதற்கான சக்தி ரத்தம் கொண்டுவருகிற ஆக்சிஜனிலிருந்து வருகிறது. அதனால் குழாய் அடைத்தால் பேட்டரி இறங்கும். இசிஜி அடைப்பைப் பார்ப்பதில்லை. அடைப்பால் பட்டினி கிடக்கிற செல்லைத்தான் அது பார்க்கிறது. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் மீதியெல்லாம் தானாக வரும்.

சும்மா இருக்கும்போது ஒரு இதயத் தசைச் செல்லின் உட்புறம் வெளியைவிட ஏறக்குறைய 90 மில்லிவோல்ட் தாழ்ந்து, அதாவது எதிர்மறையாக, இருக்கும். உள்ளே பொட்டாசியம் அதிகம், வெளியே சோடியம் அதிகம். சவ்விலுள்ள ஒரு பம்ப் ஓயாமல் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொண்டே இருப்பதால்தான் இந்த ஏற்பாடு நிலைக்கிறது. பம்ப் ஓட ஏடிபி, அதாவது செல்லின் எரிபொருள், வேண்டும். இதயம் ஏடிபியைச் சேமித்து வைக்கிற உறுப்பு கிடையாது, அன்றாடங்காய்ச்சி. அதிலும் ஓய்வாக இருக்கும்போதே தனக்கு வரும் ரத்தத்திலிருந்து பெரும்பங்கு ஆக்சிஜனை உறிஞ்சிவிடுகிறது, வேலை கூடினால் இன்னும் கொஞ்சம் உறிஞ்சிச் சமாளிக்கலாம் என்ற வழியே அதற்கு இல்லை, ரத்த ஓட்டம் கூடியே ஆக வேண்டும். குழாய் சுருங்கியிருந்தால் கூடுவது எப்படி? மேம்பாலப் படியில் நடந்தது இதுதான்.

ஆக்சிஜன் குறைந்த சில நொடிகளிலேயே அந்தப் பகுதி சுருங்கும் பலம் குறைகிறது. ஏடிபி இறங்க இறங்க, சாதாரணமாக மூடியே இருக்கும் ஒரு வகைப் பொட்டாசிய வாசல் திறக்கிறது. ஏடிபி இருக்கும்வரை பூட்டியிருக்கும், தீர்ந்தால் திறக்கும் என்பதால் அதற்குப் பெயரே ஏடிபி உணர் பொட்டாசிய வாசல், ஜப்பானைச் சேர்ந்த நோமா என்பவர் 1983இல் இதயச் செல்லில் கண்டுபிடித்தது. பொட்டாசியம் வெளியே கசிகிறது. நல்ல ஓட்டமிருந்தால் ரத்தம் அதைக் கழுவிக்கொண்டு போயிருக்கும், இங்கே ஓட்டமே இல்லை, செல்லுக்கு வெளியிலேயே தேங்குகிறது. 4 என்ற அளவில் இருக்க வேண்டியது சில நிமிடங்களில் 10ஐயும் தாண்டலாம். அப்போது அந்த 90 மில்லிவோல்ட் 60 பக்கம் வந்துவிடும். ஒவ்வொரு துடிப்புக்கும் சோடியம் உள்ளே பாய்ந்துதான் செல்லின் மின்னழுத்தம் துள்ளி எழும், பிறகு படுக்கும். அந்தச் சோடிய வாசல்கள் பாதி முடங்கிப்போவதால் செல் மெதுவாகத்தான் துள்ளி எழுகிறது, எழுந்தாலும் உயரம் குறைவு, எழுந்த வேகத்தில் சீக்கிரம் படுத்தும் விடுகிறது. சீக்கிரம் படுப்பதில் ஒரு சாமர்த்தியமும் இருக்கிறது. உள்ளே வரும் கால்சியம் குறையும், சுருங்குவது குறையும், செலவும் குறையும். காசில்லாத மாதக் கடைசியில் வெளியே போகாமல் வீட்டிலேயே இருப்பது மாதிரி.

இப்போது தாளுக்கு வருவோம். எஸ்டி என்பது இதயத்தின் கீழறைகள் முழுக்க எழுந்து நிற்கும் நேரம். எல்லாச் செல்லும் ஒரே மட்டத்தில் நிற்பதால் ஒன்றுக்கொன்று அழுத்த வித்தியாசம் இல்லை, வித்தியாசம் இல்லாததால் ஓட்டமும் இல்லை, அதனால்தான் அந்த இடம் நேர்கோடு. நோயாளிச் செல்லும் ஆரோக்கியச் செல்லும் பக்கத்துப் பக்கத்து வீடாகி இரண்டுக்கும் மட்டம் வேறுபட்டால் நடுவில் மின்னோட்டம் பாயும். இதைக் காய மின்னோட்டம் என்பார்கள். கோடு நகர்வது இதனால்தான்.

இதில் ஒரு வேடிக்கை. நகர்வதில் ஒரு பங்கு உண்மையில் எஸ்டி கிடையாது! துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவில் செல்கள் ஓய்வெடுக்கும்போதே 90ம் 60மாக இரண்டு மட்டம் இருக்கிறதல்லவா, அதனால் அடிக்கோடே நகர்ந்துவிடுகிறது. இசிஜி கருவிக்கு நிலையான அழுத்தம் தெரியாது, அந்த நகர்ந்த கோட்டையே பூஜ்யம் என்று வைத்துக்கொள்கிறது. சந்தையில் தராசு காலியாக இருக்கும்போதே முள் கீழே இறங்கி நிற்க, கடைக்காரர் அதையே பூஜ்யமாக்கிவிட்டு மீனை வைக்கும்போது அந்த இறக்கம் மட்டும் நீங்கிவிட்டால் எடை கூடக் காட்டுமே, அப்படி. அடிக்கோடு இறங்கியதைத்தான் எஸ்டி ஏறியதாக நாம் படிக்கிறோம். பாடம் எடுக்கும்போது எனக்கு மிகவும் பிடித்த இடம் இது, பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்காத இடமும் இதுதான்.


ஈசூன்_ஏர்கான் · புதன் மதியம் 1:05

ஐயா, மதியச் சாப்பாட்டு நேரத்தில் கோப்பிக் கடையில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். தராசு புரிந்துவிட்டது. ஆனால் இது ஏறுகிற கதை. அப்பாவுக்கு இறங்கியிருக்கிறது என்றல்லவா சொன்னார்கள்? இறங்கினால் ஆபத்து குறைவு என்று அர்த்தமா? அப்புறம் டி அலை தலைகீழ் என்பது என்ன?


ஓய்வுபெற்ற_வாத்தி · புதன் மதியம் 3:30

பட்டினி இதயச் சுவரின் எந்த அடுக்கில் என்பதைப் பொறுத்தது. முக்கியக் குழாய்கள் இதயத்தின் வெளிப்பரப்பில் ஓடி, கிளைகள் உள்நோக்கி இறங்குகின்றன. ஆக உட்புற அடுக்குதான் கடைசி வீடு. இதயம் சுருங்கும்போது அந்த அடுக்குதான் அதிகம் நசுங்குகிறது, அதற்கு ரத்தம் கிடைப்பதெல்லாம் இதயம் தளரும் நேரத்தில். படியேறும்போது துடிப்பு வேகமாகிறது, தளரும் நேரம் சுருங்குகிறது. பன்னிரண்டாவது மாடியில் தண்ணீர் அழுத்தம் குறைகிற மாதிரி கடைசி வீட்டுக்குத்தான் முதலில் காயும்.

உட்புற அடுக்கு மட்டும் பட்டினி என்றால் காய மின்னோட்டம் நெஞ்சில் ஒட்டியிருக்கும் மின்முனையை விட்டு விலகி உள்நோக்கி இருக்கும், கோடு இறங்கும். குழாய் முழுக்க அடைத்து உள்ளிருந்து வெளிவரை மொத்தச் சுவரும் பட்டினி என்றால் திசை மின்முனையை நோக்கித் திரும்பும், கோடு ஏறும். ஏற்றம் தசை செத்துக்கொண்டிருக்கலாம் என்பதற்கான அவசரக் கொடி. ஏறக்குறைய இருபது நிமிடத்துக்குப் பிறகு உள்ளடுக்கிலிருந்து செல்கள் சாக ஆரம்பித்து அலைபோல வெளிப்பக்கம் பரவும். இறக்கம் என்றால் நேரம் கொஞ்சம் இருக்கலாம், ஆனால் அதைச் சின்ன விஷயம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

டி அலை என்பது செல்கள் எழுந்த நிலையிலிருந்து மறுபடி படுக்கப் போகும் நேரம். எழுவது உள்ளிருந்து வெளியே. படுப்பதும் அதே வரிசையில் நடந்தால் டி அலை எப்போதும் கீழ்நோக்கித்தான் இருக்க வேண்டும். கடைசியாக எழுந்த வெளியடுக்கு முதலில் படுத்துவிடுகிறது, அதனால்தான் நமக்கெல்லாம் டி பெரும்பாலும் மேல்நோக்கி இருக்கிறது. பட்டினி இந்த வரிசையைக் கலைத்தால் டி கவிழும். வரிசையைக் கலைக்கப் பட்டினி ஒன்றுதான் காரணம் என்று இல்லை, உங்கள் மாமா தடுக்கி விழுந்த இடம் அதுதான்.

சம்பந்தமில்லாமல் ஒன்று: இந்தப் பி, க்யூ, ஆர், எஸ், டி எழுத்தெல்லாம் வைத்த ஐந்தோவன் பிறந்தது நமக்குப் பக்கத்தில், ஜாவாவின் செமாராங்கில், 1860இல். 1924இல் நோபல் வாங்கினார். மாரடைப்பில் எஸ்டி ஏறும் என்பதை 1920இல் அமெரிக்காவில் பார்டி எழுதினார். நூறு வருடம் ஆகியும் அவசரப் பிரிவில் முதலில் தேடுவது அந்த ஏற்றத்தைத்தான்.


டாக்சி_அண்ணன் · புதன் இரவு 8:20

தம்பி, பெரிய பெரிய விஷயமெல்லாம் பேசுகிறீர்கள், எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான்கு வருடத்துக்கு முன்னால், 58 வயது, இருபது வருடமாக டாக்சி. பகலெல்லாம் உட்கார்ந்தே இருப்பவன், ஆனால் பயணியின் பெட்டியைத் தூக்கிப் பின்னால் வைத்தால் தொண்டைக்குழியில் ஒரு இறுக்கம். நெஞ்சில் கூட இல்லை. கிளினிக்கில் இசிஜி எடுத்து நார்மல் என்றார்கள். எம்சி (மருத்துவ விடுப்பு) வேண்டுமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்று வந்துவிட்டேன். அந்தத் தாளை டாஷ்போர்டில் வைத்துக்கொண்டு மூன்று மாதம் ஓட்டினேன், வீட்டுக்காரி கேட்டால் எடுத்துக் காட்டுவேன், இதோ பார் நார்மல் என்று.

அப்புறம் மகள் பிடிவாதம் பிடித்து டிரெட்மில்லுக்கு அனுப்பினாள். மூன்று நிமிடம் சும்மா நடை மாதிரி. அடுத்த மூன்று நிமிடத்தில் ஏற்றம் கூடுகிறது, வேகம் கூடுகிறது. எனக்கு இன்னும் இறுக்கம் வரவே இல்லை, நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தேன், ஆனால் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணின் முகம் மாறியதைப் பார்த்தேன். அவர் உள்ளே போய் டாக்டரைக் கூப்பிட்டு வந்தார். அவர் வந்து நின்ற பிறகுதான் எனக்குத் தொண்டை இறுகியது. நிறுத்திவிட்டார்கள். ஆஞ்சியோவில், அதாவது ரத்தக்குழாயில் சாயம் விட்டு எடுக்கிற படத்தில், முன்பக்கக் குழாயில் 90 சதவீதம் அடைப்பு. குழாயைத் திறந்து வைக்க ஒரு ஸ்டென்ட். பத்து நாளில் பெட்டி தூக்கினேன்.

என் கேள்வி, வலி வரும் முன்னாலேயே அவருக்கு எப்படித் தெரிந்தது? அன்றிலிருந்து யோசிக்கிறேன்.


நைட்_ஷிஃப்ட்_அக்கா · புதன் இரவு 11:40

அண்ணே, அந்த வரிசையே அப்படித்தான். ரத்தம் குறைந்ததும் முதலில் செல்லுக்குள் கோளாறு, பிறகு தசை சரியாகத் தளராது, பிறகு சரியாகச் சுருங்காது, அதற்கப்புறம் இசிஜி மாறும், எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் வலி. நீங்கள் வலி வந்து சொல்வதற்குள் நான்கு படி கடந்துவிட்டது, நான்காவது படியைத்தான் அவர் திரையில் பார்த்தார். சில பேருக்குக் கடைசிப் படி வருவதே இல்லை, சர்க்கரைக்காரர்களைச் சொன்னேனே.

உங்கள் கிளினிக் இசிஜி நார்மலாக வந்ததில் தப்பு எதுவும் இல்லை. நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து போனவர், செல்லுக்கு அந்த நேரம் பட்டினி இல்லை, பட்டினி இல்லாத செல்லுக்கு மின்சாரமும் சரியாகவே இருக்கும். படியேறினால் மட்டும் வலி வருகிறவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ஓய்விலிருக்கும் இசிஜி நார்மலாகத்தான் வரும். பத்து விநாடிப் படம் அது. நார்மல் தாளைத் தாயத்து மாதிரி டாஷ்போர்டில் வைத்தீர்கள் பாருங்கள், அதுதான் எனக்குக் கோபம்.

தம்பிக்கு: இசிஜியைக் குறுக்கும் நெடுக்கும் சின்னக் கட்டங்களாகப் படியுங்கள். குறுக்கே ஒரு கட்டம் 0.04 விநாடி, மேலே ஒரு கட்டம் 0.1 மில்லிவோல்ட். டிரெட்மில்லில் எஸ்டி ஒரு கட்டமோ அதற்கு மேலோ தட்டையாகவோ சரிந்தோ இறங்கினால் பாசிட்டிவ் என்பார்கள். ஒரு கட்டம் ஒரு மில்லிமீட்டர், அவ்வளவுதான் விஷயம். வேர்த்த நெஞ்சில் மின்முனை சரியாக ஒட்டவில்லை என்றால் அந்த ஒரு மில்லிமீட்டர் காணாமல் போய்விடும், அதனால்தான் முடியைச் சவரம் செய்து, தோலைக் கரகரவென்று தேய்த்து ஒட்டுவோம். அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சில பெரியவர்கள் இதற்கே கோபித்துக்கொள்வார்கள்.

இனி மாமாவுக்கு. டி கவிழ்ந்தால் பிளாக் என்றால் உலகத்தில் எல்லாருக்கும் பிளாக்தான், இசிஜி இதயத்தைப் பார்க்கிற பன்னிரண்டு பக்கங்களில் ஏவிஆர் என்ற ஒன்றில் எல்லாருக்கும் டி கவிழ்ந்தே இருக்கும். நெஞ்சில் வரிசையாக ஒட்டுகிற வி1 முதல் வி6 வரையிலான பக்கங்களில் வி1இல் கவிழ்ந்திருப்பதும் சகஜம். உங்கள் அப்பாவுக்குப் பல வருடப் பிரஷர். பிரஷரால் இடது கீழறைச் சுவர் தடித்திருந்தாலும் வி5, வி6 பக்கம் எஸ்டி இறங்கி டி கவிழும், குழாயெல்லாம் சுத்தமாகவே இருந்தாலும். பொட்டாசியம் ஏறியிருந்தாலும் இறங்கியிருந்தாலும் கோடு மாறும், சில மாத்திரைகளாலும் மாறும். டாக்டர் பழைய இசிஜி கேட்டதன் காரணம் அதுதான். ஐந்து வருடமாக அப்படியே இருந்தால் ஒரு கதை, போன வருடம் நேராக இருந்தது இப்போது கவிழ்ந்திருக்கிறது என்றால் வேறு கதை. எந்தத் தாளையும் தனியாக வைத்துப் படிக்காதீர்கள்.

அதே சமயம் கவிழ்ந்த டியில் ஒரு வில்லன் உண்டு. ஒரு ராத்திரி ஒருவர் வந்தார், ஐம்பது சொச்சம், வரும்போது வலியே இல்லை, வீட்டில் இருந்ததாம், போய்விட்டதாம். சிரித்துப் பேசினார், எப்போது வீட்டுக்கு விடுவீர்கள் என்று கேட்டார். முதல் தாளில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எடுத்தால் வி2, வி3இல் டி அலை ஆழமாக, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, பள்ளத்தாக்கு போலக் கவிழ்ந்திருக்கிறது. வலி இருக்கும்போது வரவில்லை, வலி போன பிறகு வந்தது! முன்பக்கக் குழாய் அடைத்து, தானாகக் கொஞ்சம் திறந்து, மறுபடி எப்போது வேண்டுமானாலும் அடைக்கலாம் என்ற நிலை. 1982இல் வெலன்ஸ் என்ற டச்சு டாக்டரின் குழு விவரித்தது, அவர் பெயரிலேயே வழங்குகிறது. இப்படிப்பட்டவரை டிரெட்மில்லில் ஏற்றவே கூடாது, நேராக ஆஞ்சியோதான். விடியற்காலையில் அவருக்குச் செய்தார்கள். மறுநாள் ராத்திரி நான் வேலைக்கு வந்தபோது மீ கோரெங் (வறுத்த நூடுல்ஸ்) கிடைக்குமா என்று கேட்டார்.


கேட்ஜட்_பையன் · வியாழன் காலை 12:30

அக்கா, கையில் கட்டும் வாட்சில் இசிஜி வருகிறதே, அப்பாவுக்கு ஒன்று வாங்கிக் கட்டிவிட்டால் போதாதா? படியேறும்போதே எடுத்துவிடலாமே.


நைட்_ஷிஃப்ட்_அக்கா · வியாழன் காலை 1:10

போதாது. அது ஒரே ஒரு கோணத்திலிருந்து பார்க்கிறது. துடிப்பு தாறுமாறாக இருக்கிறதா என்று பார்க்க நல்லது, மாரடைப்பைக் கண்டுபிடிக்காது என்று அதைச் செய்கிற ஆப்பிளே சொல்கிறது. நாங்கள் பத்து மின்முனை ஒட்டிப் பன்னிரண்டு கோணத்தில் பார்க்கிறோம். கீழ்ச்சுவர் என்றால் இரண்டு, மூன்று, ஏவிஎஃப் என்ற பெயருள்ள கோணங்கள். முன்சுவர் என்றால் வி1 முதல் வி4 வரை. பின்சுவரில் அடைத்தால் அந்தப் பன்னிரண்டிலும் ஏற்றம் தெரியாது, முன்னால் வி1 முதல் வி3 வரை இறக்கமாகத் தெரியும், கண்ணாடியில் எதிர்ப்பக்கம் தெரிகிற மாதிரி. சந்தேகம் வந்தால் முதுகில் மூன்று ஒட்டி எடுப்போம். ஏற்றம் இடத்தைக் காட்டிக்கொடுக்கும், சாதாரண இறக்கம் அப்படிக் காட்டிக்கொடுக்காது, எந்தக் குழாய் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஒரு கோணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? அந்தக் காசுக்கு அப்பாவை நல்ல சாப்பாட்டுக்குக் கூட்டிப்போங்கள், உப்பைக் குறைத்து.


ஓய்வுபெற்ற_வாத்தி · வியாழன் காலை 7:15

ஒன்று விட்டுப்போயிற்று. முழு அடைப்பு வந்த முதல் சில நிமிடங்கள்தான் மின்சாரக் கணக்கில் மிக ஆபத்தான நேரங்களில் ஒன்று. தசை செத்ததால் வரும் ஆபத்து இல்லை இது. பட்டினிப் பகுதியில் மின்னலை ஆமை வேகத்தில் நகர்கிறது, பக்கத்து ஆரோக்கியப் பகுதி அதற்குள் வேலையை முடித்துத் தயாராகிவிடுகிறது. ஆமை வேகத்தில் வந்த அலை அதைத் தொட்டு மறுபடி கிளப்பிவிட, அலை வட்டமடிக்க ஆரம்பிக்கிறது. வட்டம் உடைந்து பல துண்டானால் இதயம் துடிக்காமல் நடுங்கும், ரத்தம் வெளியேறாது. மாரடைப்பில் வீட்டிலேயே விழுந்து போகிறவர்களில் பலருக்கு இதுதான் நடக்கிறது. நம் வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்குகளில் மின்தூக்கிக்குப் பக்கத்தில் பெட்டிக்குள் தொங்குகிற ஏஇடி என்ற ஷாக் கொடுக்கிற கருவி இதற்காகத்தான். உங்கள் புளோக்கில் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள். என் புளோக்கில் அது இருப்பதை நான் கவனித்ததே இரண்டு வருடம் கழித்து, அதன்மேல் யாரோ டியூஷன் விளம்பரம் ஒட்டியிருந்தார்கள்.


ஈசூன்_ஏர்கான் · சனி இரவு 9:55

எல்லாருக்கும் நன்றி. சில விஷயங்கள் நடந்தன.

ஏஇடி பக்கத்துப் புளோக்கில் கீழ்த்தளத்தில் இருக்கிறது, எங்கள் புளோக்கில் இல்லை. அம்மாவையும் கூட்டிப்போய்க் காட்டினேன்.

பழைய இசிஜி கிடைத்தது! அப்பா பட்டறையிலிருந்து ஓய்வு பெறும் முன் ஒரு மெடிக்கல் செக்கப் செய்திருக்கிறார்கள், அதை அவரே மறந்துவிட்டார். அம்மா பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் வைக்கிற கோங் குவான் பிஸ்கட் டப்பாவின் அடியில் நான்காக மடித்து இருந்தது. ஆனால் அது அந்த வழவழப்பான வெப்பத் தாள், பழைய கடை ரசீது மாதிரி கோடெல்லாம் வெளுத்துப்போய், மடித்த இடத்தில் ஒன்றுமே இல்லை. மேசை விளக்குக்கு அடியில் வைத்து ஃபோனில் படம் எடுத்துக் கறுப்பைக் கூட்டிப் பார்த்தேன். வி5இல் டி கவிழ்ந்திருப்பது மாதிரிதான் தெரிகிறது, அப்போதே. வி4 இருக்கிற இடத்தில்தான் மடிப்பு விழுந்திருக்கிறது. எஸ்டி இறங்கியிருக்கிறதா என்று கட்டம் எண்ணிப் பார்த்தேன், ஒரு கட்டமா அரைக் கட்டமா என்று ஒவ்வொரு தடவையும் வேறு விடை வருகிறது. அக்கா சொன்னபடி நான் தீர்ப்புச் சொல்லவில்லை. தாளையும் படத்தையும் இரண்டு நகலையும் ஒரு உறையில் போட்டு வைத்திருக்கிறேன். மாமாவுக்கு அனுப்பவில்லை.

நிபுணரைப் பார்க்க வரும் வியாழக்கிழமை நேரம் கிடைத்திருக்கிறது. நாக்கு மாத்திரை இன்னும் தேவைப்படவில்லை. அந்தக் கூச்சமான கேள்வியையும் கேட்டுவிட்டேன், ஒரு முறை முறைத்துவிட்டு இல்லை என்றார்.

தைலக் குப்பியை அம்மா எடுத்து ஒளித்து வைத்துவிட்டார். டிரெட்மில்லில் நடக்க நல்ல ஷூ வேண்டும் என்று சொன்னதிலிருந்து அப்பா முஸ்தபா கடைக்குப் போக வேண்டும் என்று நச்சரிக்கிறார். நாளைக்குக் கூட்டிப்போகிறேன், மேம்பாலம் ஏறாத வழியாக.


டாக்சி_அண்ணன் · சனி இரவு 10:30

முஸ்தபாவில் இரண்டு மாடி தேட விடாதே தம்பி, லிஃப்ட் இருக்கிறது. அப்புறம் அன்றைக்குக் காலையில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகக் கூடாது, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன்னாலேயே முடித்துவிடச் சொன்னார்கள் எனக்கு. நான் பரோட்டா சாப்பிட்டுவிட்டுப் போய்த் திட்டு வாங்கினேன்.